கால் வாட் அண்ணனும் ஓம் அக்காவும்

"உங்க அண்ணன் ஒரு குவார்ட்டர்டி" என்று கம்பெனியில் பக்கத்து சீட்டு அக்கா சொன்ன அன்று நான் அவளோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

என் அண்ணன் குடிக்க மாட்டான். தாம்பரத்துக்கும் முடிச்சூருக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னை டிப்ளமா படிக்க வைத்து, தினமும் காலையில் கம்பெனி கேட் வரைக்கும் கொண்டுவந்து விடுகிறவன். அவனைப் போய்க் குவார்ட்டர் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"எங்க அண்ணன் ஒரு சொட்டு தொட மாட்டார்க்கா. தெரியாம வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க."

அக்கா கையில் வைத்திருந்த ரெசிஸ்டரை என் மூக்குக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.

"அய்ய, நான் இன்னா பாட்டிலையா சொன்னேன்? வாட்டுடி, வாட்டு. குவார்ட்டர் வாட்டு. தோ, இதுமாரி. லேசா சூடு ஏறினா போதும், கருகிப் பூடும். காலைல கேட்டாண்ட நின்னுகினு செக்யூரிட்டிகிட்ட இன்னா கத்து கத்தினாரு! பாத்துகினுதானே இருந்தேன்."

எதிர் வரிசை வரைக்கும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் வீம்புக்குத் தனியாகப் போய்ச் சாப்பிட்டேன். அன்று அவள் டப்பாவில் வறுத்த நெத்திலி இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. நஷ்டம் எனக்குத்தான்.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் ஃபோன் பண்ணித் திட்டுவாள். கம்பெனியில் அவளை எல்லோரும் ஓம் அக்கா என்றுதான் கூப்பிட்டோம்.

தாம்பரம் சானடோரியத்தில், ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்த சின்ன கம்பெனி அது. இன்வெர்ட்டருக்குள் வைக்கிற போர்டுகள் செய்வோம். நீளமான மேசை, இரண்டு பக்கமும் நீலக் கோட்டு போட்ட பெண்கள், தலையில் தொப்பி, மணிக்கட்டில் மேசையோடு மாட்டிய எர்த் ஒயர். அந்த ஒயரைக் கழற்றாமல் எழுந்து, கன்றுக்குட்டி மாதிரி இழுபட்டு மறுபடி உட்காராதவள் எங்களில் ஒருத்தியும் கிடையாது. ஆளுக்கு நாலைந்து பாகங்களை அதனதன் ஓட்டையில் செருகிப் பக்கத்து ஆளிடம் போர்டைத் தள்ள வேண்டும். எனக்கு அடுத்த சீட்டு அக்காவுடையது. எங்கள் இருவர் பங்குக்கும் பெரும்பாலும் ரெசிஸ்டர்தான் வரும்.

பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டை உடம்பு, இரண்டு பக்கமும் கம்பிக் கால், உடம்பில் வண்ண வண்ணக் கோடு. கரண்ட் ஓடுகிற வழியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டு "மெதுவா போப்பா" என்று சொல்வது அதன் வேலை. எவ்வளவு தடுக்கும் என்பது ஓம் கணக்கு. எவ்வளவு சூடு தாங்கும் என்பது வாட் கணக்கு. ஓம் எத்தனை என்பதைக் கோடுகளைப் பார்த்துப் படித்துக்கொள்ளலாம். பிளாக் என்றால் சைபர், பிரவுன் ஒன்று, ரெட் இரண்டு என்று போகும். வேலைக்குச் சேர்ந்த சூட்டோடு எல்லோரும் அதை மனப்பாடம் செய்துவிடுவோம். அக்கா மட்டும் அதைப் போர்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கண்ணில் பட்ட மனிதர்களையெல்லாம் அளந்தாள்.

எங்கள் சூப்பர்வைசர் எல்டிஆர். தெருவிளக்கில் வைக்கிற சாமான் அது. வெளிச்சம் பட்டால் ஒரு குணம், இருட்டினால் வேறு குணம். "முதலாளி உள்ள வந்தா ஒரு மூஞ்சி, வெளிய போனா ஒரு மூஞ்சி. அப்ப எல்டிஆர்தானே?" ஸ்டோரில் இருந்தவர் வால்யூம் கண்ட்ரோல். யார் திருகினாலும் அந்தப் பக்கம் போவார். பேக்கிங்கில் இருந்த ஒரு பெண்ணுக்கு ஜீரோ ஓம் என்று பெயர் வைத்தாள். ஜீரோ ஓம் என்று நிஜமாகவே ஒன்று உண்டு. பார்க்க ரெசிஸ்டர் மாதிரியே இருக்கும், நடுவில் ஒரே ஒரு கறுப்புக் கோடு. எதையும் தடுக்காது. இந்தப் பக்கம் சொன்னது அந்தப் பக்கம் அப்படியே போய்ச் சேர்ந்துவிடும். அவளிடம் ரகசியம் சொன்னால் டீ டைமுக்குள் கேன்டீன் வரை போய்விடும் என்பதால், பேர் பொருத்தம் பிரமாதம்.

தன் மாமியாரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அக்காவின் குரலில் ஒரு மரியாதை வரும். "அது வெள்ள சிமென்ட்டு ரெசிஸ்டரு. பத்து வாட்டு. அதும் தலமேல தோசையே வாத்து எடுக்கலாம். அசையாது."

"நான் என்னக்கா?" என்று கேட்டேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உனக்கு இன்னும் கோடு போடலடி. மொட்டையா கீற."

அது எனக்கு ரோஷமாகப் போய்விட்டது. அப்போதைக்கப்போது கேட்டுக்கொண்டே இருந்தேன். எப்போது கேட்டாலும் அதே மொட்டைதான்.

ஒரு ஆயுத பூஜையன்று சூப்பர்வைசர் குளித்து விபூதி பூசி வந்து, லைனுக்கு எதிரே இருந்த கரும்பலகையில் பெரிதாக "ஓம்" என்று எழுதிவிட்டு, கற்பூரம் வாங்கிவரப் போனார். திரும்பி வந்தபோது அதற்கு முன்னால் "4.7 கிலோ" என்று எழுதியிருந்தது. யார் எழுதினது என்று கத்தினார். அக்கா விரலில் இருந்த சாக்பீஸ் தூளைப் புடவையில் துடைத்துக்கொண்டே, "சார், வேல்யூ போடாம ஓம் மட்டும் எழுதினா ஸ்டோர்ல சாமான் குடுக்க மாட்டாங்கனு நீங்கதானே சொல்லிகினே இருப்பீங்க" என்றாள். அவருக்கே சிரிப்பு வந்து கற்பூரத் தட்டு ஆடிற்று. அன்றிலிருந்துதான் அவள் ஓம் அக்கா.

இதெல்லாம் வாய்ச் சாமர்த்தியம். அவள் நிஜமாக யார் என்பது, ஆட்கள் சண்டைக்கு நிற்கும்போதுதான் தெரியும். எங்கே இரண்டு பேர் முறைத்துக்கொண்டாலும் அக்கா நடுவில் போய் உட்கார்ந்துவிடுவாள். சமாதானம் பேச மாட்டாள், புத்தி சொல்ல மாட்டாள். இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கத்துக்கு எடுத்துக்கொண்டு போவாள், அவ்வளவுதான். ஆனால் போய்ச் சேரும்போது அது வேறாக இருக்கும்.

"இன்னிக்கு போர்டு முடியாம ஒருத்தி எழுந்தீங்க, காலை உடைச்சு உக்கார வைப்பேன்" என்று சூப்பர்வைசர் கத்துவார். அக்கா எங்கள் பக்கம் திரும்பி, "கை கொஞ்சம் சுறுசுறுப்பா போனா எல்லாரும் டயத்துக்கு வூட்டுக்குப் போலாம்னு சார் சொல்றாரு" என்பாள். நாங்கள் அவர் குடும்பத்தையே இழுத்து முணுமுணுப்போம். அக்கா அவர் பக்கம் திரும்பி, "சார், உங்களுக்கு பிபி கீதாமே, டயத்துக்கு மாத்திரை போடறீங்களானு பொண்ணுங்க கவலப்படுதுங்க" என்பாள். அவர் சொன்னது எங்களுக்குக் கேட்டிருக்கும், நாங்கள் சொன்னது அவருக்கும் கேட்டிருக்கும். ஆனால் பதில் சொல்ல வேண்டியது அக்கா கொண்டுவந்த பேச்சுக்குத்தானே? அவர் இருமிவிட்டு, "போட்டுட்டேன்மா, வேலையைப் பாருங்க" என்று போய்விடுவார்.

அப்படி ஏதாவது நடந்த நாட்களில், மத்தியானம் சாப்பிட்டதும் அக்கா ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் இருந்த சிமென்ட் பெஞ்சில் தனியாகப் போய்க் காலை நீட்டி உட்கார்வாள். பேச மாட்டாள், ஃபோன் பார்க்க மாட்டாள். ஒருமுறை நான் பக்கத்தில் போய் உட்காரப் போனேன்.

"தள்ளிப் போ. ஆறிகினு கீறேன்."

"உங்களுக்குக் கோபமே வராதாக்கா?"

"வராம எங்க பூடும்? கரண்ட்ட தடுத்தா சூடாவும். ரெசிஸ்டரு சூடாவலன்னா அது வேல செய்யலனு அர்த்தம். இப்பிடிக் கொஞ்சம் காத்து பட்டா ஆறிடும். நீ போ."

நான் போய்விட்டேன். அந்தப் பெஞ்சில் அவளோடு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

இனி ஸ்டீபன் கதை. டெஸ்டிங்கில் இருந்தார். நாங்கள் செய்த போர்டுகளுக்கு முதன்முதலில் கரண்ட் கொடுத்துப் பார்க்கிறவர். அதிகம் பேச மாட்டார், தலை நிமிர்ந்து நான் பார்த்ததும் கிடையாது. ஒருநாள் போர்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் லைனுக்கே வந்துவிட்டார். சுவிட்ச் போட்டால் இண்டிகேட்டர் எல்இடி பளிச்சென்று ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு அணைந்துவிடுகிறது, கருகல் வாசனை வருகிறது என்றார். எல்இடி பாவம், தாங்காது. அதற்கு முன்னால் ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் ஒன்று உட்கார்ந்து கரண்டைக் குறைத்து விட வேண்டும்.

"ஆயிரம்தான் போட்டேன்" என்றேன். அக்காவும் எட்டிப் பார்த்து, "ஆயிரம்தான் சார், கண்ணுல வெளக்கெண்ணெய் வுட்டுகினு பாத்தோம்" என்றாள்.

ஸ்டீபன் மீட்டரை வைத்துக் காட்டினார். நூற்றுப் பத்து.

அது அப்போது புதிதாக வந்திருந்த நீல ரெசிஸ்டர். பழைய பிஸ்கட் கலர் ரெசிஸ்டரில் ஓரத்தில் ஒரு தங்கக் கோடு இருக்கும். அது கடைசி என்று தெரிவதால் எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது என்ற குழப்பமே வராது. நீலத்தில் ஐந்து கோடு, கடைசிக் கோடும் பிரவுன். பிரவுன், பிளாக், பிளாக், பிரவுன், பிரவுன் என்று படித்தால் ஒன்று, சைபர், சைபர், பிறகு இன்னொரு சைபர். ஆயிரம். அதையே திருப்பிப் பிடித்தால் பிரவுன், பிரவுன், பிளாக், பிளாக், பிரவுன். நூற்றுப் பத்து, அதற்கு மேல் சைபர் கிடையாது. ஸ்டோரில் இருந்த வால்யூம் கண்ட்ரோல் திருப்பிப் படித்து ஆயிரம் டப்பாவில் நூற்றுப் பத்தைக் கொட்டியிருக்கிறார். அதே மாதிரி நானும் படித்தேன். மனிதர்களையே அளக்கிற அக்காவும் அப்படியேதான் படித்தாள்.

அக்கா கொஞ்ச நேரம் அந்த ரெசிஸ்டரை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். "த்தோடா! ஒரே ஆளு, அந்தாண்டலேருந்து பாத்தா ஆயிரம், இந்தாண்டலேருந்து பாத்தா நூத்திப்பத்து. நம்ம ஊரு எலெக்சன் கூட்டக் கணக்கு மாரி கீது."

அத்தனை போர்டிலும் அதைப் பிடுங்கிச் சரியானதை வைக்கிற வேலை எனக்கும் ஸ்டீபனுக்கும் விழுந்தது. அவர் பிடுங்குவார், நான் வைப்பேன். அந்த வேலை முடிந்தபோது அவர் தலை நிமிர்ந்திருந்தது. நான் குனிந்திருந்தேன். இதற்கு மேல் விளக்கமாகச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அக்காவிடம்தான் முதலில் சொன்னேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"அந்தாளு ஃப்யூஸ் ரெசிஸ்டருடி. எல்லாத்துக்கும் முன்னாடி நிப்பான், மொத அடிலயே பொட்டுனு பூடுவான். உங்க அண்ணன் கத்தற கத்துக்கு நிப்பானா?"

எனக்கும் அதுதான் பயம். ஸ்டீபன் வீட்டில் கிறிஸ்தவர்கள், நாங்கள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். அண்ணனை விட்டுவிட்டுத் தாலி கட்டிக்கொள்ள என்னால் முடியாது. எனக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான். ஸ்டீபனை விடவும் முடியாது. இரண்டு பேரும் வேண்டும். இதை அக்காவிடம் சொல்லி அழுதே விட்டேன்.

"அழுவாத. ஞாயித்துக்கெழம அவங்கள வரச் சொல்லு. நடுவுல நான் உக்காந்துக்கறேன்."

முடிச்சூரில் எங்கள் வீட்டு ஹாலுக்கும் உள்ளறைக்கும் நடுவில் ஒரு பழைய புடவைத் திரைதான். ஹாலில் ஸ்டீபனும் அவர் அம்மாவும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று அண்ணன் உள்ளறையில் உட்கார்ந்துகொண்டான். நான் சமையலறை வாசலில் நின்றேன். அக்கா உள்ளே வந்ததும், வெள்ளம் வந்தபோது சுவரில் நின்றுபோன மண் கோட்டைப் பார்த்து, "சுவத்துக்கே பிரவுன் கோடு போட்டு வெச்சிகிறீங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அவன் காலை ஒடிச்சு அனுப்புவேன்னு சொல்லுக்கா!" என்று அண்ணன் உள்ளேயிருந்து கத்தினான். தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

அக்கா திரையை விலக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். "தெனமும் வேலைக்கு நடந்து வரீங்களா, ட்ரெயினானு அவரு கேக்கறாரு."

ஸ்டீபன் பாயில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பெருங்களத்தூர்லேருந்து ட்ரெயின்லதான் வரேன்னு சொல்லுங்க."

அவர் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இப்படிப் பேச்சு வாங்கணும்னு எங்களுக்கு என்ன தலையெழுத்து? இந்த வீட்டுத் தரையில உக்காந்ததே தப்பு. எழுந்து போறோம்னு சொல்லும்மா."

அக்கா உள்ளே போனாள். "அந்தம்மாவுக்கு முட்டி வலி போலக்கீது. தரைல உக்கார முடியல. ஒரு சேரு இருக்குமானு கேக்கறாங்க."

என் அண்ணன் யாரிடம் வேண்டுமானாலும் கத்துவான், ஆனால் வயதான பொம்பளைக்கு முட்டி வலி என்றால் ஆட்டோவையே வாசலுக்கு ஏற்றிவிடுவான். சற்று நேரத்தில் திரை விலகியது. அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, தலையைத் திருப்பிக்கொண்டே அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தான். வைத்த பிறகுதான் தான் வெளியே வந்துவிட்டது அவனுக்கே உறைத்தது. அந்த அம்மாவுக்கு முட்டி வலியே கிடையாது. ஆனாலும் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "நல்லா இருப்பா" என்று சொல்லி உட்கார்ந்தார்.

இனி நடுவில் யாரும் இல்லை. அண்ணன் ஸ்டீபனைப் பார்த்துக் கத்தினான். "சர்ச்சுல கல்யாணம்னா நான் வரமாட்டேன். என் தங்கச்சியும் வரமாட்டா. என்ன பண்ணுவ?"

ஸ்டீபன் எழுந்து நின்றார். குரல் நடுங்கவில்லை. "நீங்க வராத இடத்துல நான் கட்ட மாட்டேண்ணா. நீங்க வர்றேன்னு சொல்றவரைக்கும் காத்துகிட்டு இருப்போம். ரெண்டு பேரும் பேசி வெச்சிருக்கோம்."

அப்படி நாங்கள் எதுவுமே பேசி வைத்திருக்கவில்லை. ஆனால் அதைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான்.

"எதுக்குடா நிக்கற? உக்காரு" என்றான்.

அந்த "டா" விழுந்ததுமே எனக்கு உயிர் வந்துவிட்டது. அண்ணன் பிடிக்காதவர்களை "சார்" என்பான். ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம், மண்டபத்தில் சாப்பாடு என்று அன்றைக்கே முடிவாயிற்று.

கொல்லையில் குழாயைத் திறந்து அக்கா முகம் கழுவிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். காய்ச்சல்காரி கை மாதிரி சுட்டது.

"என்னக்கா இப்படிச் சுடுது?"

"சுடாம? வுடு, ஆறிடும்." பிறகு ஹால் பக்கம் தலையை ஆட்டி, "உன் ஆள நான் தப்பா படிச்சிட்டேன்டி. அந்தாண்டலேருந்து படிச்சிருக்கணும்" என்றாள். அக்கா தோற்றுப்போனதை அவ்வளவு சந்தோஷமாக ஒப்புக்கொண்டது அந்த ஒருமுறைதான்.

கடைசியாக என் வளைகாப்பு. செம்பாக்கத்தில் நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டு ஹாலில் நடந்தது. அண்ணன் ஏழு வகைச் சாதமும் தன் ஆட்டோவிலேயே கொண்டுவந்து இறக்கினான். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. என் மாமியார் பிள்ளைக்கு வேதாகமத்தில் பேர் பார்த்து வைத்திருப்பதாக யாரிடமோ சொன்னது அவன் காதில் விழுந்துவிட்டது.

"எங்க அப்பா பேர வைக்கலன்னா இந்த வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்னு உங்க மாமியாருகிட்ட சொல்லு!" என்றான் என்னிடம், பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் யோசிக்கவே இல்லை. மாமியார் பக்கம் திரும்பி, "அத்தை, உங்க வாயால எங்க அப்பா பேரையும் சேர்த்துக் கூப்பிட்டா எப்படி இருக்கும்னு அண்ணன் கேக்கறார்" என்றேன்.

மாமியார் ஒரு நொடி அவனைப் பார்த்தார். "சேர்த்துத்தான் வைப்போம் தம்பி. ரெண்டு பேரா இருந்தா புள்ளைக்குக் கனமா என்ன?" என்றார். அண்ணன் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டான். எனக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது.

வளையல் போடக் காத்திருந்த பெண்களின் வரிசையில் ஓம் அக்கா நின்றிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். தன் முறை வந்ததும் தாம்பாளத்தில் இருந்த பச்சையையும் சிவப்பையும் ஒதுக்கித் தேடி, பிரவுன் வளையல் ஒன்றை எடுத்து என் கையில் ஏற்றினாள். அடுத்து இன்னொரு பிரவுன். பிறகு கறுப்பு. மறுபடி கறுப்பு. "கறுப்பு எதுக்கும்மா?" என்று யாரோ கேட்டார்கள். "திஷ்டிக்கு நல்லது" என்று சொல்லிவிட்டுக் கடைசியாக ஒரு பிரவுன் எடுத்துப் போட்டாள். போட்டு முடித்ததும் வளையலை வரிசை கலையாமல் தட்டி வைத்தாள்.

"ந்தா. உனக்குக் கோடு போட்டாச்சி."

நான் படித்தேன். "ஆயிரமாக்கா? நூத்திப்பத்தா?"

எனக்கு எதிரே கோபம் ஆறாத அண்ணன் நின்றிருந்தான். முதுகுக்குப் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஸ்டீபன் நின்றிருந்தார். அக்கா முதலில் அவனையும் பிறகு இவரையும் கண்ணால் காட்டினாள்.

"உங்க அண்ணன் பக்கத்துலேருந்து படிச்சா ஆயிரம். உன் வூட்டுக்காரரு பக்கத்துலேருந்து படிச்சா நூத்திப்பத்து. அவருக்கு அது போதும்."

அந்தக் கூட்டத்தில் சிரித்தது நானும் ஸ்டீபனும் மட்டும்தான். மற்றவர்கள் ஏதோ ஆசீர்வாதம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பந்தி ஓய்ந்ததும் நான் மெதுவாக மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒரு பலகையில் காலை நீட்டி உட்கார்ந்தேன். ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. சற்று நேரத்தில் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா வந்து என்னைப் பார்த்தாள். நான் நகர்ந்து இடம் விட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

இரண்டு பேரும் ஆறும்வரைக்கும் அங்கேயே இருந்தோம்.